சாமை முதலில் தொலைந்தது உரலில்

புதுச்சேரியில் எங்கள் இயற்கை உழவர் குழு மாதத்தில் ஒரு ஞாயிறு கூடும். பாகூர், வில்லியனூர், திருக்கனூர் பக்கத்திலிருந்தும், எல்லை தாண்டி வானூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அப்படி ஒரு கூட்டத்தில் நண்பர் ஒருவர் ஓர் அறிவிப்பைப் படித்துக் காட்டினார். பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைக்குக் குழுப் பயணம். படிக்கட்டு வயல்கள், நூற்றுக்கணக்கான உருளைக்கிழங்கு ரகங்கள், கீன்வா, அந்த ஊர் மக்களோடு சேர்ந்து சமையல், சாப்பாடு. கேட்கக் கேட்க எல்லாருக்கும் ஆசைதான். செலவைச் சொன்னதும் கூட்டம் அமைதியாகிவிட்டது. பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா, "ஒருத்தர் அங்க போற காசுல நாம எல்லாருமே கொல்லிமலை போய்ட்டு வந்துடலாமே" என்றார்.

போனோம். பதினொரு பேர், ஒரு வேன், மூன்று நாள். விதை வாங்கி வரலாம் என்றுதான் கிளம்பினோம். விதையும் வந்தது. ஆனால் நான் கற்றுக்கொண்டது விதையைப் பற்றி அல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆண்டிஸ் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தென் அமெரிக்காவின் மேற்கு ஓரம் முழுக்க நீளும் மலைத்தொடர் அது. பெருவுக்கும் பொலிவியாவுக்கும் நடுவில் டிட்டிகாகா என்றொரு ஏரி, கடல் மட்டத்துக்கு மேலே 3,800 மீட்டரில் இருக்கிறது. அந்த வட்டாரத்தில்தான் ஏழெட்டாயிரம் வருடத்துக்கு முன்பு காட்டுச்செடியாக இருந்த உருளைக்கிழங்கை மனிதர்கள் பயிராக்கினார்கள். அங்கே ஒரு குடும்பத்துக்கு நிலம் ஒரே இடத்தில் இருக்காது. கீழே வெதுவெதுப்பான பள்ளத்தாக்கில் மக்காச்சோளம், மேலே ஏற ஏற கீன்வாவும் உருளையும், உச்சியில் மேய்ச்சல். ஒரு மட்டத்தில் உறைபனி அடித்துப் பயிர் போனாலும் இன்னொரு மட்டம் சோறு போடும். ஜான் முர்ரா என்ற ஆய்வாளர் 1972-ல் இந்த ஏற்பாட்டை விரிவாக எழுதி உலகத்துக்குச் சொன்னார்.

உருளையில் சில ரகங்கள் கசக்கும். அவற்றை இரவு உறைபனியில் பரப்பி, பகலில் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் காயவைத்து 'சுன்யோ' என்று ஒரு வற்றல் செய்கிறார்கள். வருடக்கணக்கில் கெடாது. கீன்வாவும் அப்படியே சாப்பிட முடியாது. மேலே சோப்பு மாதிரி நுரைக்கிற ஒரு கசப்பு இருக்கிறது. தேய்த்து, பலமுறை கழுவ வேண்டும். அதாவது அந்த ரகங்கள் வயலில் நின்றதற்கு ஒரு காரணம், அதைத் தின்னும்படி மாற்றுகிற வேலை ஒவ்வொரு வீட்டிலும் நடந்ததுதான். கொல்லிமலைக்குப் போகும்வரை இதை நான் ஒரு சுவையான தகவலாக மட்டுமே வைத்திருந்தேன்.

சேந்தமங்கலம் தாண்டி காரவள்ளியில் மலை ஏறத் தொடங்குகிறது. 70 கொண்டை ஊசி வளைவு. எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு முப்பதாவது வளைவிலேயே எலுமிச்சம்பழம் தேவைப்பட்டது. மேலே போனால் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அலை அலையாகப் பூமி. அங்கு வாழும் மலையாளி பழங்குடியினர் தமிழ் பேசுகிறவர்கள். பெயரைக் கேட்டுவிட்டு கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஆண்டிஸ் மாதிரி பெரிய உயர வித்தியாசம் இங்கே கிடையாது. ஆனால் கணக்கு அதேதான். ஊற்றுநீர் தங்கும் பள்ளத்தில் நெல் வயல். அதற்கு மேலே மேட்டு நிலத்தில் கேழ்வரகு, ஊடே கடுகும் அவரையும் துவரையும். சரிவில், மண் குறைந்த இடத்தில், சாமையும் தினையும். வீட்டைச் சுற்றிப் பலா, வாழை, மிளகுக்கொடி. சாமை என்று நாம் ஒரு பெயரில் சொல்கிறோம். அங்கே கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, கரும்பெருஞ்சாமை என்று அடுக்குகிறார்கள். கட்டவெட்டி சீக்கிரம் அறுவடைக்கு வரும். வீட்டில் தானியம் தீர்ந்துபோகிற நாட்களில் அதுதான் கை கொடுக்கும். பெருஞ்சாமை நிதானமாக வரும். தினையில் செந்தினை, பெருந்தினை, மூக்காந்தினை. கேழ்வரகில் சுருட்டை, பெருங்கேழ்வரகு, கருங்கேழ்வரகு என்று இன்னொரு பட்டியல். தானியம் சேர்த்துவைக்கத் தொம்பை. தரையிலிருந்து உயர்த்திக் கட்டி, மண் பூசி, கூரை போட்ட சின்ன வீடு மாதிரி இருக்கும். உமியோடு போட்டுவைத்தால் சாமை வருடக்கணக்கில் கெடாது.

இவ்வளவும் இருந்தும் சரிவுகளில் நாங்கள் அதிகம் பார்த்தது மரவள்ளி. அந்தப் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்பார்கள். இதுவும் தென் அமெரிக்கச் சரக்குதான், ஆனால் ஆண்டிஸ் அல்ல, அமேசான் பக்கம். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோக, சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார்கள். அந்தத் தொழில் ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் என்று பரவியது. 1981-ல் சேலத்தில் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கமும் வந்தது. ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். மலைக்குக் காசு வேண்டும். கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது என்று பாயிண்ட் பார்த்து விலை போடுகிறார்கள். லாரி மலைக்கே வருகிறது. சாமைக்கு எந்த லாரி வந்தது?

மரவள்ளியைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். சரிவில் கிழங்கு பிடுங்கும்போது மண் கிளறிவிடும், அடுத்த மழையில் மேல்மண் ஓடிவிடும் என்பதும் உண்மை. ஒரே பயிர் நின்றால் பூச்சிக்கும் விருந்து. 2020-ல் மரவள்ளி மாவுப்பூச்சி முதலில் கேரளத்திலும், அடுத்து நம் சேலம், நாமக்கல் பக்கத்திலும் நுழைந்து குருத்தையே சுருட்டிவிட்டது. அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்த பூச்சிதான். பயிர் முன்னே வந்தது, பூச்சி பின்னாலேயே தேடி வந்துவிட்டது. அதற்கு மருந்து எங்கே கிடைத்தது தெரியுமா? மறுபடியும் தென் அமெரிக்காவில்தான். பராகுவே நாட்டில் அந்தப் பூச்சிக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் ஒரு சின்னக் குளவியைக் கண்டுபிடித்து, 1981-ல் ஆப்பிரிக்காவில் விட்டு ஜெயித்தார்கள். அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியை ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். பயிரைக் கொண்டுவரும்போது அதன் எதிரியை மட்டும் கொண்டுவந்து, எதிரியின் எதிரியை விட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, சாமைக்கு வருவோம். இரண்டாம் நாள் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அறுபத்தைந்து எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா. நம்ம ஆள் ஒருவர் வழக்கம்போல ஆரம்பித்தார்: "இவ்ளோ சத்தான சாமைய விட்டுட்டு ரேஷன் அரிசிக்குப் போய்ட்டீங்களேம்மா." அந்த அம்மா கோபப்படவில்லை. எழுந்து போய் வீட்டுக்குப் பின்னாலிருந்து ஓர் உலக்கையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். உரலில் ஒரு படி சாமையைக் கொட்டினார். "குத்துங்க" என்றார்.

சாமை மிளகைவிடச் சின்னது. உமி கண்ணாடி மாதிரி வழவழப்பாக, கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். லேசாகக் குத்தினால் உமி போகாது. ஓங்கிக் குத்தினால் நொய்யாகிவிடும். குத்த வேண்டும், முறத்தில் புடைக்க வேண்டும், உமி போகாததை மறுபடி உரலில் போட வேண்டும். ஆண்கள் நான்கு பேர் மாற்றி மாற்றிக் குத்தினோம். அரை மணி கழித்து எங்கள் கையில் கொப்புளமும், முறத்தில் பாதி உமியும் பாதி நொய்யும் இருந்தன. எங்கள் குழுப் பெண்கள் இரண்டு பேர் வாங்கிக் குத்திய பிறகுதான் அரிசி என்று சொல்லும்படி கொஞ்சம் தேறியது.

அப்புறம் அந்த அம்மா பேசினார். "சாமை ருசி எனக்குத் தெரியாதா சார்? மூணு புள்ளைங்கள வெச்சிக்கிட்டு விடியகாலம் எழுந்து குத்தினவ நான். குத்தி, ஆக்கிப் போட்டுட்டு அப்புறம் காட்டு வேலைக்குப் போவணும். அரிசி வந்துச்சு. ஒலக்கைய சார்த்தி வெச்சேன். அவ்வளவுதான்."

அன்றைக்கு அந்தத் திண்ணையில்தான் எனக்குப் புரிந்தது. நாம் எல்லாக் கூட்டத்திலும் விதை போச்சு, விதை போச்சு என்கிறோம். விதை வயலில் போகவில்லை. முதலில் உரலில் போனது. உரல் நின்றதால் அடுப்பில் நின்றது. அடுப்பில் நின்றதால் தொம்பை காலியானது. அதற்கப்புறம்தான் வயல் மாறியது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011 ஜூனில் இலவசமே ஆனது. பசி தீர்ந்த நல்ல காரியம் அது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வேகவைத்தால் சோறு ஆகிற அரிசி ஒரு பக்கம், ஒரு மணி நேரம் குத்தினால்தான் உலைக்குப் போகிற சாமை ஒரு பக்கம். எந்தப் பெண் எதை எடுப்பார்? அவருக்குப் பாரம்பரியம் பற்றி நாம் வகுப்பு எடுக்க முடியுமா?

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து கொல்லிமலையில் வேலை செய்கிறது. புதுச்சேரிக்காரர்களுக்கு அந்த நிறுவனம் புதிதல்ல. 1991-ல் இங்கே கீழூர், சிவராந்தகம், பிள்ளையார்குப்பம் பக்கத்தில் உயிரிக் கிராமத் திட்டம் ஆரம்பித்தவர்கள்தான். கொல்லிமலையில் அவர்கள் ரகங்களைத் தேடிச் சேர்த்தார்கள், தொம்பைகளை ஊர் விதை வங்கிகளாக்கினார்கள். எல்லாம் சரி. ஆனால் சாமையைத் தட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்ததில் என் கணக்குப்படி பெரிய பங்கு ஊருக்குள் வைத்த உமி நீக்கும் இயந்திரத்துக்குத்தான். மகளிர் குழுக்கள் ஓட்டுகிறார்கள். நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. மலையைவிட்டு இறங்கி மில்லுக்குப் போக வேண்டியதில்லை.

விதை வங்கியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பங்கு விதை வாங்கினால் அறுவடையில் இரண்டு பங்காகத் திருப்ப வேண்டும் என்றார்கள். முப்பத்தைந்து வருடம் வங்கியில் இருந்தவன் நான். ஒரே போகத்தில் நூறு சதவீத வட்டி! ஆனால் வாராக்கடன் பற்றிக் கேட்டபோது அவர்களுக்குக் கேள்வியே புரியவில்லை.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1986-லிருந்து மூன்று வருடம் இந்த மலையின் அடிவாரத்தில்தான் ஒரு வங்கிக் கிளையில் விவசாயக் கடன் பார்த்தேன். அப்போது நாமக்கல் தனி மாவட்டம் இல்லை; எல்லாம் சேலம். ஒவ்வொரு பயிருக்கும் ஏக்கருக்கு இவ்வளவு கடன் என்று ஒரு பட்டியல் இருக்கும். மரவள்ளிக்கு ஒரு தொகை, கரும்புக்கு ஒரு தொகை. என் மேசையில் இருந்த பட்டியலில் சாமை இல்லை. ஊடுபயிரோடு கேழ்வரகு போடுகிறேன் என்று வந்தால் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாது. "குச்சிக்கிழங்குன்னு எழுதிக்கலாமா?" என்று நானே கேட்டிருக்கிறேன். பலர் சரி என்றார்கள். கடனுக்காக எழுதியதை அடுத்த வருடம் நிஜமாகவே நட்டார்கள். நான் சட்டப்படி எந்தத் தப்பும் செய்யவில்லை. கோப்பு எல்லாம் சுத்தம். ஆனால் மலையில் ஒரு பெரியவர், "அப்பல்லாம் சாமைக்குக் கடன் கேட்டா சிரிப்பாங்க சார்" என்று சொன்னபோது நான் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்தவர்களில் நானும் ஒருவன் என்று அவரிடம் சொல்லவில்லை. இறங்கும்போது வேனில்தான் சொன்னேன்.

அதே பெரியவர் இன்னொன்றும் சொன்னார். இப்போது சாமைக்கு விலை இருக்கிறது. 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டுக்குப் பிறகு கேட்டு வருகிறவர்களும் அதிகம். ஆனால் வருகிறவர்கள் வெள்ளையாக, ஒரே அளவாக இருக்கிற அரிசியைத்தான் கேட்கிறார்கள். கரும்பெருஞ்சாமையைக் காட்டினால் முகம் சுளிக்கிறார்கள். ஆண்டிஸில் இந்தப் படம் பத்து வருடத்துக்கு முன்பே ஓடிவிட்டது. 2013-ஐ சர்வதேசக் கீன்வா ஆண்டு என்று அறிவித்தார்கள். விலை ஏறு ஏறு என்று ஏறியது. வெளிநாட்டுக்காரருக்கு வேண்டியது பெரிய வெள்ளை மணி. மற்ற ரகங்கள் ஓரம் கட்டப்பட்டன. 2014-க்குப் பிறகு எல்லா நாட்டிலும் கீன்வா போட ஆரம்பிக்க, விலை சரிந்தது. மலை உழவருக்கு ரகமும் குறைந்தது, விலையும் குறைந்தது. அங்கே தப்பியது எது என்று பார்த்தால், பீசாக் ஊர்ப் பக்கம் கெச்சுவா மக்கள் சில ஊர்களாகச் சேர்ந்து நடத்தும் உருளைக்கிழங்குப் பூங்கா மாதிரியான இடங்கள்தான். லிமாவில் 1971-ல் தொடங்கிய சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தோடு 2004-ல் ஒப்பந்தம் போட்டு, தங்கள் ஊரிலிருந்து முன்பு எடுத்துப் போன ரகங்களைத் திரும்ப வாங்கி நட்டார்கள். அவர்கள் முதலில் தாங்கள் சாப்பிடுகிறார்கள். மிச்சம்தான் சந்தைக்கு.

புதுச்சேரிக்குத் திரும்பி வரும் வழியில் மயிலம், வானூர் செம்மண் மேட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இங்கே என் தாத்தா காலத்தில் வரகும் கேழ்வரகும் கம்பும்தான். பிறகு மல்லாட்டை வந்தது. மணிலாக்கொட்டை என்பதுதான் நம் வாயில் மல்லாட்டை ஆகிவிட்டது. மணிலா வழியாக வந்தாலும் அதன் பிறந்த ஊர் தென் அமெரிக்கா, ஆண்டிஸின் கிழக்கு அடிவாரம். 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக மல்லாட்டை பிரான்சின் மார்செய் நகரத்துக்கு எண்ணெய்க்காகப் போனது. கொல்லிமலைக்கு மரவள்ளி என்றால் நமக்கு மல்லாட்டை. நூறு வருடம் முன்னாலேயே எங்கள் மேட்டில் அதே கதை நடந்திருக்கிறது. அதற்கப்புறம் மல்லாட்டையும் போய் முந்திரியும் சவுக்கும் வந்தது தனிக்கதை. மல்லாட்டை எனக்குப் பிடிக்கும், நானும் போடுகிறேன். அது மண்ணுக்கும் நல்லதுதான். வரகு ஏன் திரும்பவில்லை என்பதுதான் கேள்வி.

விடை பழையதுதான். வரகுக்கு உமி சாமையைவிட மோசம். ஏழு தோல் என்பார்கள். முன்பு மண்ணால் செய்த திரிகையில் உடைத்தார்கள். இன்று அந்தத் திரிகை செய்யத் தெரிந்தவரைத் தேட வேண்டும். பக்கத்து நெல் மில்லுக்குக் கொண்டுபோனால் ரப்பர் உருளையில் இவ்வளவு சின்னத் தானியம் நிற்காது என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஆகவே சிறுதானியம் போட ஆசைப்படும் நண்பர்கள் விதைக்கு முன்னால் இதை விசாரியுங்கள்: எங்கே உமி நீக்குவீர்கள்?

இயந்திரத்தில் இரண்டு வகை பார்த்தோம். ஒன்று, சாணைக்கல்லில் தேய்த்து உமி எடுப்பது. அரிசி வெள்ளையாக வரும். தவிடும் சேர்ந்து போய்விடும். இன்னொன்று, தானியத்தைச் சுழற்றி வீசிச் சுவரில் மோதவைத்து உமியை உடைப்பது. தவிடு தங்கும், நிறம் மங்கலாக இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. எதுவானாலும் முதலில் நன்றாகக் காயவேண்டும். பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். கல் நீக்கி, சல்லடையில் அளவு பிரித்துப் போடவேண்டும். பெரிதும் சின்னதும் கலந்து போட்டால் பெரியது நொறுங்கும், சின்னது உமியோடு வரும். நூறு கிலோ சாமையில் அறுபது கிலோவுக்கு மேல் அரிசி தேறினால் நல்ல வேலை. தவிடு தங்கிய அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அதனால் மொத்தமாக உமி நீக்கி மூட்டை கட்டாதீர்கள். தானியமாகவே வைத்திருந்து, ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். தொம்பையின் ரகசியமே அதுதான்.

உற்சாகத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மெஷினே வாங்கிவிடலாம் என்றார்கள். பழைய புத்தி, உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பதினொரு பேர், ஆளுக்கு அரை ஏக்கர் வரகு. மானாவாரியில் அரை ஏக்கருக்கு இருநூறு கிலோ என்று வைத்தால் மொத்தம் 2,200 கிலோ. மணிக்கு நூறு கிலோ தள்ளுகிற மெஷின் வருடத்தில் ஓடுவது 22 மணி நேரம். மீதி நாளெல்லாம் துருப்பிடிக்கும். இந்தக் கணக்கோடு யாராவது என் கிளைக்குக் கடன் கேட்டு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். ஒரு மெஷினுக்குக் குறைந்தது இருநூறு மணி நேர வேலையாவது வேண்டும். ஆக, பத்துக் குழு சேர வேண்டும். அல்லது நாலைந்து குழு சேர்ந்து, அரைக்க வருகிற வெளியாட்களிடம் கூலி வாங்கி, அதிலேயே கேழ்வரகும் மிளகாயும் அரைக்க ஒரு மாவு மெஷினையும் பக்கத்தில் போட வேண்டும். இரண்டாவதுதான் நடக்கும் என்று தோன்றுகிறது.

விழுப்புரம், கடலூர் மாவட்டத்தில் நான்கு குழுக்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறோம். இரண்டு பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். ஆடிப்பட்டத்துக்கு வரகு விதை தயார். மெஷினை எங்கே வைப்பது என்பதில்தான் பேச்சு இன்னும் முடியவில்லை. ஆண்கள் மெயின் ரோட்டில், லாரி வந்து போகிற இடத்தில் என்கிறார்கள். பெண்கள் ஊருக்குள்ளே, தலையில் கூடையோடு நடந்து போகிற தூரத்தில் என்கிறார்கள். நான் பெண்கள் பக்கம்.